அம்மீட்டர் முள்ளும் ஒரு டம்ளர் தண்ணீரும்

நான் பயந்தாங்கொள்ளி. ஆனால் என் பயம் வெளியே வரும்போது கோபமாகத்தான் வரும். அதனால் என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் என்னைக் கோபக்காரன் என்றே நினைத்திருந்தார்கள். என் மனைவி ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும். நான் யாரிடமாவது சத்தம் போட்டால், "இப்ப எதுக்குப் பயந்துக்கினு இருக்கீங்க?" என்று கேட்பாள். நிஜாம் ராஜ்யத்தில் நான் கழித்த வருடங்களில் மிக அதிகமாகச் சத்தம் போட்டது ஒரு பதினான்கு நாள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் அரக்கோணம். ரயில்வேயில் ட்ரெயின் லைட்டிங் வேலை கற்றுக்கொண்டு, அந்த வேலையாகவே செகந்திராபாத்துக்கு வந்தேன். ஒவ்வொரு ரயில் பெட்டிக்கு அடியிலும் ஒரு டைனமோ தொங்கும். பெட்டியின் அச்சிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுழற்றும். வண்டி ஓடும்போது டைனமோ பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது பாட்டரி விளக்கெரிக்கும். அவ்வளவுதான் அந்த வித்தை. பதினோரு வருடம் அதைச் செய்தேன். பிறகு மேஸ்திரியோடு ஒரு சண்டை. என் பக்கம் நியாயம் இருந்தது, வாய்தான் அதிகம். வேலையை விட்டுவிட்டு உப்பலுக்கு அப்பால் இருந்த ஒரு பஞ்சு அரைக்கும் மில்லில் எலக்ட்ரிக் ஃபிட்டராகச் சேர்ந்தேன். உப்பல் அப்போது வெறும் கிராமம். மில்லைச் சுற்றிச் சோளக்கொல்லையும் பாறையும்தான். மில் வளாகத்திலேயே எங்களுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள்.

முப்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். பஞ்சு வரத்து இல்லாத மாதங்கள்; மில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். என் மகளுக்கு ஏழு வயது. எங்களுக்கு அவள் ஒருத்திதான். வீட்டில் நாங்கள் பேசும் தமிழ் எல்லாம் அவளுக்குப் புரியும். பதிலில் மட்டும் தெலுங்கும் மில் வாசலில் கற்ற ஹிந்துஸ்தானியும் கலந்து வரும். ஒரு சாயங்காலம் அவள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தபோது ஒரு நாய் வந்தது. குரைக்கவில்லை. நேராக வந்து அவள் தோளைக் கடித்துவிட்டு, அதே வேகத்தில் நேராகப் போய்விட்டது. எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது என்று வாட்ச்மேன் சொன்னான். கடித்த நாய் பத்து நாள் உயிரோடு இருந்தால் பயமில்லை என்று யாரோ சொல்லவே, இருட்டும்வரை கொல்லை கொல்லையாக அந்த நாயைத் தேடினேன். அடிப்பதற்கு இல்லை. அது நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கிடைக்கவில்லை.

மறுநாள் மாட்டு வண்டியில், மூசி நதியோரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். இந்தக் கடிக்கு ஒரு காலத்தில் குன்னூருக்குப் போகவேண்டியிருந்தது. இப்போது மருந்து இங்கேயே வருகிறது, அதுவே உங்கள் அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். பதினான்கு நாள், தினம் ஒரு ஊசி, வயிற்றில். கடி தலைக்குக் கிட்டத்தில் இருப்பதால் ஒரு நாள்கூடத் தவறக்கூடாது, தவறினால் நான் பொறுப்பில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். பகல் பதினொரு மணிக்கு ஊசி அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். நான் அங்கேயே வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். நோய் வந்தால் முதலில் என்ன தெரியும் என்று கேட்டேன். தண்ணீரைக் குடிக்க முடியாது, பார்த்தாலே தொண்டை இழுத்துக்கொள்ளும் என்றார். வந்துவிட்டால் அப்புறம் வைத்தியம் கிடையாது என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நானே ஒரு டம்ளர் தண்ணீரை அவளிடம் கொடுப்பேன். அவள் குடித்து முடிக்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நகரத்திலேயே தங்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். எங்களுக்குத் தெரிந்த மனிதர்கள் செகந்திராபாத் ரயில்வே வரிசை வீடுகளில்தான் இருந்தார்கள். அந்த மாதம் அங்கே அம்மை போட்டிருந்தது. வீட்டுக்கு வீடு வேப்பிலை தொங்கியது. மாட்டு வண்டியிலோ போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். இரண்டாம் நாள் வழியில் மழை பிடித்துக்கொண்டு, கதவைச் சாத்தப்போகிற நேரத்தில்தான் உள்ளே நுழைந்தோம். திரும்பி வரும்போது குழந்தை வலியில் முனகிக்கொண்டே வந்தாள். அன்று சாயங்காலம் மில் முதலாளிக்கு ஆள் அனுப்பிக் காரைக் கேட்டேன்.

மில் ஷெட்டில் ஒரு பழைய கார் கிடந்தது. அமெரிக்க வண்டி, பத்து வயதுக்கு மேல். முதலாளி புது வண்டி வாங்கியதும் இதை மில்லுக்குத் தள்ளிவிட்டிருந்தார். எடுத்துக்கொள், ஆனால் அதற்குச் சார்ஜ் ஏறாது, பாதி வழியில் நின்றுவிடும், உன்னால் சரிசெய்ய முடிந்தால் சரி என்று சொல்லியனுப்பினார். கூடவே சார்ஜ் செய்த பாட்டரி ஒன்றையும் டிரைவர் கையில் கொடுத்தனுப்பினார். நல்ல மனிதர்.

டிரைவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், அந்தக் காரை ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டவர். நான் அவரை பாய் என்பேன். அவர் என்னை மிஸ்திரி ஸாப் என்பார். அதிகம் பேசமாட்டார். பாட்டரியின் ஒரு முனையைக் காரின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் செம்புப் பட்டை ஒன்று இருந்தது. வாரம் ஒருமுறை அதைக் கழற்றி, கத்தியால் பளபளவென்று சுரண்டி மறுபடி மாட்டுவார். ஏன் என்று கேட்டால், கரண்ட் வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழி சுத்தமாக இருக்கவேண்டும் என்று ஹிந்துஸ்தானியில் சொல்வார். படிக்காத மனிதர் ஏதோ சொல்கிறார் என்று நான் சிரித்துவிட்டேன்.

டைனமோவைக் கழற்றி எங்கள் வீட்டு முன்னறையிலேயே பிரித்தேன். உள்ளே பார்த்ததும் பாதிப் பயம் போய்விட்டது. என் பழைய சிநேகிதன்தான், உருவத்தில் மட்டும் சின்னவன். டைனமோவில் சுழலும் பாகத்தின் நுனியில் கம்யூட்டேட்டர் என்று ஒரு செம்பு உருளை இருக்கும். அதை இரண்டு பக்கமும் கரி பிரஷ்கள் உரசிக்கொண்டிருக்கும். அந்த உரசலில்தான் கரண்ட் வெளியே வரும். இதில் உருளை முழுக்கக் கரியும் எண்ணெயும் அப்பிக்கிடந்தது. ஒரு பிரஷ் அதன் கூட்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு உருளையைத் தொடவே இல்லை. சார்ஜ் ஏறாததற்கு இது போதும். உருளையைக் கண்ணாடிக் காகிதம் போட்டுத் தேய்த்தேன். உருளையின் செம்புத் துண்டுகளுக்கு நடுவே தடுப்பாக இருந்த மைக்காவை ரம்பத் துண்டால் பள்ளமாக்கினேன். பிரஷை உருவி, ஸ்பிரிங்கை மாற்றினேன். இதோடு மூடியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும்.

மூடும்போது ஒன்றைக் கவனித்தேன். ஒரு பிரஷ் கூட்டுக்கு அடியில் கரண்ட் கடத்தாத ஃபைபர் வாஷர் இருந்தது. அதனால் அந்தக் கூடு டைனமோவின் இரும்பு உடம்பைத் தொடாமல் நின்றது. எதிர்ப்பக்கத்துப் பிரஷ் கூட்டுக்கு வாஷர் இல்லை; நேராக இரும்பின் மேலேயே திருகியிருந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ரயில் பெட்டியில் எந்த வயரும் எந்தப் பிரஷும் இரும்பைத் தொடக்கூடாது. போக ஒரு வயர், வர ஒரு வயர், இரண்டும் உறைக்குள் இருக்கவேண்டும். இரும்பைத் தொட்டால் அதற்கு லீக் என்று பெயர். பதினோரு வருடமாக லீக் தேடுவதுதான் என் பிழைப்பு. எவனோ ஒரு மெக்கானிக் முன்பு பிரித்துவிட்டு வாஷரைத் தொலைத்துவிட்டான், சோம்பேறி என்று மனைவியிடம் திட்டிக்கொண்டே, என் பெட்டியிலிருந்து புத்தம்புதிய வெள்ளை ஃபைபர் வாஷர்கள் இரண்டை எடுத்து அந்தக் கூட்டுக்கு அடியில் ஒன்றும் திருகின் தலைக்குக் கீழே ஒன்றுமாகப் போட்டேன். திருகின் தண்டுக்கும் உறை சுற்றினேன். அருமையான வேலை. இன்றைக்கும் அதைச் சொல்வேன், அவ்வளவு சுத்தமாகச் செய்தேன்.

மூன்றாம் நாள் கார் ஒரே தட்டில் கிளம்பியது. முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. என் மனைவி குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, பாய் முதுகைப் பார்த்து, நல்லா இருப்பீங்க என்று தமிழிலேயே சொன்னாள். நான் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

முன் பலகையில் அம்மீட்டர் என்று ஒரு சின்ன வட்டம் இருந்தது. நடுவில் ஒரு முள். சார்ஜ் ஏறினால் வலப்பக்கம் சாயும். பாட்டரியிலிருந்து செலவானால் இடப்பக்கம். அது இடப்பக்கம் ஒரு கோடு சாய்ந்தே இருந்தது. பாய் அதை விரலால் காட்டினார். மீட்டர் பழசு, முள் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றேன்.

நான்காம் நாளும் முள் அங்கேயே. ஐந்தாம் நாளும் அங்கேயே. காலையில் தண்ணீர் டம்ளர், அப்புறம் இந்த முள், இரண்டையும் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுப்பது பாட்டரிதான். நிரம்பிய பாட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். பதினான்குக்குத் தாங்காது என்றே வந்தது. நகரத்தில் பாட்டரியைச் சார்ஜுக்குக் கொடுத்தால் ஒரு பகல் ஒரு ராத்திரி ஆகும். அதுவரை வண்டி அங்கேயே நிற்கும், மறுநாள் ஊசிக்கு இங்கிருந்து எப்படிப் போவது? எங்கள் மில் டைனமோவில் ஏற்றலாம் என்றால் எஞ்சின் உருப்படி உருப்படியாகத் தரையில் கிடந்தது.

ஐந்தாம் நாள் பிற்பகல் உட்கார்ந்து தேடினேன். முதலில் பெல்ட், இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு கட்-அவுட். டைனமோவுக்கும் பாட்டரிக்கும் நடுவில் இருக்கும் காவல்காரன் அது. டைனமோ வேகமாகச் சுற்றிக் கரண்ட் கொடுக்கும்போது மட்டும் கதவைத் திறக்கும். சுற்றாதபோது பாட்டரிக் கரண்ட் திரும்பிப் போகாமல் மூடிவிடும். எஞ்சினை ஓடவிட்டுக் கட்-அவுட்டை விரலால் அழுத்தி நானே கதவைத் திறந்தேன். டைனமோ சும்மா சுற்றிக்கொண்டிருந்தால்கூட, பாட்டரிக் கரண்ட் அதற்குள் பாய்ந்து முள் இடப்பக்கம் துள்ளவேண்டும். துள்ளவில்லை. நூல் அளவுகூட அசையவில்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வழி எங்கேயோ அறுந்திருக்கிறது. வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால், டைனமோவைத் திறந்து பார் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். நான் என்ன செய்தேன்? கட்-அவுட்டின் முனைகளைத் தேய்த்தேன். ஒவ்வொரு வயராகக் கழற்றிச் சுரண்டி மாட்டினேன். அம்மீட்டரையே பிரித்தேன். டைனமோவை மட்டும் தொடவில்லை. அதை நான்தான் சரிசெய்தேனே. டைனமோவிலிருந்து ஒரே ஒரு தடித்த வயர்தான் வெளியே வந்தது. திரும்பி வர இன்னொரு வயர் இல்லை. அதுவும் என் கண்ணில் பட்டது. இரண்டாவது உள்ளே எங்கேயாவது போகும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் பாயைத் திட்டினேன். தேவையில்லாமல் ஹாரன் அடித்துப் பாட்டரியைத் தீர்க்கிறார் என்றேன். ஏழாம் நாள், அந்தச் செம்புப் பட்டையைச் சுரண்டிச் சுரண்டி மெலிய வைத்துவிட்டார் என்றேன். அவர் ஹவ் ஸாப், ஆமாம் ஸாப் என்று மட்டும் சொல்லிவிட்டு ஹாரன் வயரைக் கழற்றிவைத்தார். அன்றிலிருந்து ஊருக்குள் நுழையும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கதவைத் தட்டிக்கொண்டே ஓட்டினார். எட்டாம் நாள் ஸ்டார்ட்டர் முனகிவிட்டு நின்றுபோனது. கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்பினோம். என் மனைவி கேட்டாள், "வண்டி நாளைக்குப் போவுமா போவாதா? அத்தச் சொல்லுங்க." போகும் என்றேன். உன் வேலையைப் பார் என்றும் சொன்னேன்.

அன்று ராத்திரி முழுக்க மழை.

ஒன்பதாம் நாள் காலையில் வழக்கம்போல டம்ளரை நீட்டினேன். மகள் வாங்கவில்லை. நக்கோ என்றாள், வேண்டாமாம். குடிம்மா என்றேன். தலையை ஆட்டினாள். டம்ளரை அவள் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் தள்ளிவிட்டாள். தண்ணீர் என் சட்டையில் கொட்டியது.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. ஆனால் மில்லில் பெண்கள் சொல்லாமல் இருப்பார்களா? அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் குழந்தைக்குச் சட்டை மாட்டினோம். அந்தப் பத்து நிமிடத்தைப் போல ஒரு பத்து நிமிடம் என் எதிரிக்கும் வேண்டாம்.

பாய் வியர்க்க வியர்க்கச் சுற்றியபின் எஞ்சின் பிடித்தது. இருமிக்கொண்டே போனது. உப்பலைத் தாண்டி ஒரு தாழ்வான இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஓடை உண்டு. சாதாரண நாளில் சக்கரம் நனையாது. அன்று ஏரி வழிந்து, முழங்கால் அளவுக்குக் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாய் மெதுவாக இறக்கினார். நட்ட நடுவில் எஞ்சின் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது.

அப்புறம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான். பாய் இறங்கிக் கைப்பிடி போட்டுச் சுற்றினார், சுற்றினார். ஒரு பொறிகூட இல்லை. ஆஸ்பத்திரி இன்னும் ஐந்து மைல். மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். சுற்றிலும் தண்ணீர், நடுவில் என் மகள். அவள் அதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இறங்கி, மூடியைத் தூக்கி எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, இது உங்களால்தான், எல்லாம் உங்களால்தான் என்று பாயைப் பார்த்துக் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். அதையெல்லாம் எழுதக் கை வரவில்லை.

அவர் கைப்பிடியைக் கீழே வைத்தார். என் பக்கத்தில் வந்து நின்று, சத்தம் போடாமல் சொன்னார்:

"சப் தேக்கே, ஸாப். ஏகிச் நை தேக்கே."

எல்லாவற்றையும் பார்த்தீர்கள், ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. விரல் டைனமோவைக் காட்டியது.

அதன் பின்மூடி ஒரு தகட்டுப் பட்டைதான். ஒரு திருகைத் தளர்த்தினால் நகர்ந்துவிடும். தளர்த்தினேன். உள்ளே என் இரண்டு வாஷர்களும் வெள்ளைவெளேரென்று இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தது. கரண்ட் வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழி என்று அந்த மனிதர் வாரா வாரம் எதைச் சுரண்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. காரில் திரும்பி வரும் வயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பேதான் அந்த இரண்டாவது வயர். பாட்டரியின் ஒரு முனை அந்த இரும்பில், டைனமோவின் ஒரு பிரஷும் அதே இரும்பில். அந்தப் பிரஷ் இரும்பைத் தொட்டுத்தான் ஆகவேண்டும். அதைத் தொடவிடாமல் செய்தவன் நான். எவனும் வாஷரைத் தொலைக்கவில்லை. சோம்பேறி மெக்கானிக் என்று ஒருவன் இல்லவே இல்லை. என் குழந்தையை ஓடைக்கு நடுவில் நிறுத்தியது என் கைதான்.

வெட்கத்தைவிட பயம்தான் பெரிதாக இருந்தது. ஸ்க்ரூடிரைவர் திருகின் பள்ளத்தில் உட்காரவில்லை, கை அப்படி ஆடியது. பாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்திருக்க, நான் திருகினேன். வாஷர்களை உருவித் தண்ணீரில் எறிந்தேன். உறையைக் கிழித்தேன். இரும்பைக் கத்தியால் சுரண்டிப் பளபளக்க வைத்து, கூட்டை அதன்மேல் அழுத்தி இறுக்கினேன். பிறகு பாயிடம், தப்பு என்னுடையது, உங்களைத் திட்டியதெல்லாம் பொய் என்றேன். அவர், பேச்சு அப்புறம் ஸாப், முதலில் வண்டி என்றார்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் என் மனைவியின் அதட்டல் கேட்டது. அழுக்குத் தண்ணி அது, துப்புடி, துப்பு என்று கத்திக்கொண்டிருந்தாள். திரும்பினேன். என் மகள் கதவைத் திறந்துகொண்டு கால்பலகையில் குந்தியிருந்தாள். இரண்டு கையாலும் ஓடைத் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். செம்மண் தண்ணீர் முகவாயில் வழிந்து சட்டையெல்லாம் கறை. காலையிலிருந்து தாகத்தோடு இருந்திருக்கிறாள்.

குடிக்கட்டும், விடு என்றேன்.

நான் பார்ப்பதைக் கண்டதும் அவள் கையை உதறிவிட்டாள். வீட்டில் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். என்னையே ஒரு கணம் முறைத்தாள்.

"நீ என் தொண்டையையே பாக்குற நைனா. எனக்குப் பயமா இருக்குது. அதான் நக்கோ."

ஒரு சோளத்தட்டை வண்டி அந்தப் பக்கமாக வந்தது. வண்டிக்காரர் கேட்காமலே கயிற்றை அவிழ்த்தார். காரின் முன்னச்சில் கட்டி, மாடுகள் இழுக்க, நானும் என் மனைவியும் பின்னாலிருந்து தள்ள, கார் ஓடையிலிருந்து ஏறி மேட்டுக்கு வந்தது. மேட்டுக்கு அப்பால் ரோடு நகரத்தைப் பார்த்துச் சரிகிறது. தீர்ந்துபோன பாட்டரி அரை மணி நேரம் சும்மா இருந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும்; அந்த ஒரு மூச்சைத்தான் நம்பியிருந்தேன். கயிற்றை அவிழ்த்தோம். கார் சரிவில் உருண்டது. வேகம் எடுத்ததும் பாய் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. இருமியது. இன்னொரு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

நான் முள்ளைப் பார்த்தேன். வேகம் ஏற ஏற அது இடப்பக்கத்திலிருந்து கிளம்பி, நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய் நின்றது. ஏழு நாளில் முதல் தடவை. பாய் அதைப் பார்க்கவே இல்லை. ரோட்டைப் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டே ஓட்டினார். பின் சீட்டில் என் மனைவி சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தாள். எதற்கு அம்மா அழுகிறாய் என்று, தன் ஹிந்துஸ்தானியில் கைக்கு, கைக்கு என்று குழந்தை கேட்டுக்கொண்டே வந்தாள். நான் அழவில்லை என்று எழுத ஆசைதான்.

ஊசி அறைக் கதவு மூடியிருந்தது. தட்டினேன். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, சேறும் தண்ணீருமாக நின்ற எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வா என்று குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அதற்குப் பின் ஐந்து ஊசி. ஐந்து நாளும் கார் நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வந்தது. ஹாரன் வயரை நானே மாட்டிக்கொடுத்தேன்.

ஊசி முடிந்தால் பயம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நோய் ஆறு மாதம் கழித்தும் வரலாம் என்று டாக்டர் கடைசி நாளில் சொன்னார். இந்தத் தடவை நான் கேட்காமலே சொன்னார். ஆகவே தண்ணீர் டம்ளரை நிறுத்த என்னால் முடியவில்லை. மகள் அதற்கு ஒரு நிபந்தனை போட்டாள். நான் அந்தப்பக்கம் திரும்பிக்கொள்ளவேண்டும். தினமும் காலையில் டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பேன். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே பழகியவனுக்கு அது லேசில்லை. அவள் வேண்டுமென்றே மெதுவாகக் குடிப்பாள். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வரும்வரை அப்படித்தான் நின்றேன், காலி டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்கிறவரைக்கும்.